ஷிப்ட் முடிந்த பிறகு ஆட்டமா, படிப்பா? நான் முடிவு செய்யும் விதம்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். வயது 39. வீட்டில் மனைவி, நான்காம் வகுப்பு படிக்கும் மகள், அப்பா. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. அது பிடித்துக்கொண்டால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவன் மறுபடி வெளியே இறங்க மாட்டான். தூங்கப் போகும்வரை இரண்டு மணி நேரம் சும்மா கிடக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பல வருடம் தடுமாறியிருக்கிறேன். கொஞ்ச காலம் முழுக்க முழுக்க கேம். அப்புறம் கொஞ்ச காலம் முழுக்கப் படிப்பு, பயிற்சி, அதிகாலை ஓட்டம். இரண்டிலும் அடிபட்ட பிறகுதான் ஒரு வழி பிடிபட்டது. கூட வேலை செய்யும் தம்பிகள், "அண்ணே, இந்த வயசுல கேம் ஆடுறது தப்பாண்ணே?" என்று கேட்கும்போது சொல்வதையே இங்கே விவரமாக எழுதுகிறேன்.

தப்பில்லை. முதலில் அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள். எங்கள் தாத்தா இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1964-ல் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா வந்து, டான்டீ என்ற அரசு தேயிலைக் கழகத்தின் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியேறினார். வரும்போது கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் 304 சீட்டாட்டமும். நாலு பேர், எதிரெதிரே கூட்டாளிகள், 32 சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நாலு இனத்தையும் கூட்டினால் 304 வரும். அதுதான் ஆட்டத்தின் பெயர். பகலெல்லாம் கவாத்துக் கத்தி பிடித்த கை, ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் துரும்பு சொல்லி ஆடும். அவரை யாரும் நேரத்தை வீணாக்குகிறார் என்று சொன்னதில்லை. ஊட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க ஆடுகிற ஸ்னூக்கருக்கு விதிகளை எழுதி ஊட்டி கிளப்பில் ஒட்டியது 1882-ல். அதற்கு ஏழு வருடம் முன்னால் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி மழைக்காலத்தில் பொழுது போகாமல் கண்டுபிடித்தது அந்த ஆட்டம். மழையில் அடைபட்ட பெரியவர்கள் எந்தக் காலத்திலும் ஏதாவது ஆடியிருக்கிறார்கள்.

ஆனால் தாத்தா ஆடிய ஆட்டத்துக்கும் என் போனில் இருந்த ஆட்டத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ட்ரஃப் (தேயிலையை வாட்டும் நீளத் தொட்டி) இலை செலவானது.

2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. லயத்தில் பாதிப் பேர் அதைத்தான் ஆடிக்கொண்டிருந்தோம். அந்த வாரமே வேறொரு சுடும் ஆட்டத்துக்கு மாறிவிட்டோம். ஆட்டத்தைப் பிடுங்கினால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் வைக்க வேறொன்று வேண்டும் என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அடுத்த வருட மழைக்காலத்தில் எனக்கு நைட் ஷிப்ட். சாயங்காலம் வரும் பச்சை இலையை ட்ரஃபில் பரப்பி, அடியிலிருந்து விசிறிக் காற்று கொடுத்து, 12 முதல் 16 மணி நேரம் வாட்ட வேண்டும். காலையில்தான் இலையை நசுக்கி நறுக்கும் சிடிசி மிஷினுக்குப் போகும். ராத்திரி முழுக்க விசிறிகள் ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. அன்றைக்குப் பகலில் தூங்கவேண்டிய நேரத்தில் ஆடியிருந்தேன். ராத்திரி 2 மணிக்கு மேல் பேனல் ரூம் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டது. மூன்றாம் ட்ரஃபின் மோட்டார் டிரிப் ஆகி நின்றது எனக்குத் தெரியாது. 5 மணிக்கு டீ மேக்கர் (தூள் தயாரிப்பைக் கவனிக்கும் அதிகாரி) வந்து இலைக்குள் கையை விட்டார். உள்ளே சூடு. மேலே பார்த்தால் பச்சை, புரட்டினால் சிவப்பு. புளித்த பழ வாசனை. ஒரு டன்னுக்கு மேல் இலை, எத்தனையோ வீட்டுப் பெண்கள் மழையில் நனைந்து பறித்தது. அவர் திட்டவில்லை. ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். அந்தச் சூடு இன்னும் கையில் இருக்கிறது.

அன்றைக்கே கேமை அழித்தேன். அதோடு நிற்காமல் எதிர்ப்பக்கம் ஓடினேன். மச்சான் சொன்னார் என்று குரூப் 4 படிக்க ஆரம்பித்தேன்: 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம், அதில் 100 கேள்வி தமிழ். கூடவே ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கும் ஆப். காலை 5 மணிக்கு ஓட்டம். இரவு படுக்கும்போது 'வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி' வீடியோக்கள். மூன்று மாதம் தாங்கியது. எனக்கு அரசு வேலை வேண்டும் என்ற ஆசையே உள்ளுக்குள் இல்லை. என் வேலை எனக்குப் பிடிக்கும். பிடிக்காத படிப்பு எனக்கு இரண்டாவது ஷிப்ட் ஆகிவிட்டது, அதுவும் சம்பளமில்லாத ஷிப்ட். மகள் பக்கத்தில் வந்தால் "அப்பா படிக்கிறேன்ல" என்று விரட்டினேன். கேம் ஆடிய காலத்தில் விரட்டியதும் அதே குரலில்தான்.

அதனால் நான் சொல்லும் முதல் வேலை, எதையும் விடாதீர்கள், எதையும் தொடங்காதீர்கள். ஒரு வாரம் எழுதுங்கள்.

ஒரு வார லாக் புக்

ஃபேக்டரியில் மணிக்கு ஒருமுறை உலர் பல்ப், ஈர பல்ப் (ஈரத் துணி சுற்றியது) என்ற இரண்டு தெர்மாமீட்டரின் வெப்பநிலையை எழுதுவோம். இரண்டுக்கும் இடைவெளி குறைந்தால் காற்றில் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம், இலை வாடாது. ஜன்னல் வழியே பார்த்து மழையை யூகிக்கலாம், ஆனால் எழுதிய எண் யூகிக்காது. அதே பழக்கத்தில் 5 ரூபாய்க்கு வாங்கிய நோட்டுப் புத்தகம் ஒன்றில் மூன்று கட்டம் போட்டேன். எப்போதிலிருந்து எப்போது வரை, என்ன செய்தேன், முடிக்கும்போது எப்படி இருந்தேன். மூன்றாவது கட்டம்தான் முக்கியம். என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

செவ்வாய், 8:40 – 10:55. கேம். கண் எரிச்சல், தூக்கம் வரவில்லை. சோறு மூன்று முறை சூடு செய்தாள்.

புதன், 9:00 – 9:50. முன்னேற்ற வீடியோ 6. எதுவும் ஞாபகம் இல்லை.

வியாழன், 7:30 – 8:15. பாப்பாவோடு ஆடுபுலி. நல்ல தூக்கம்.

நேர்மையாக எழுத வேண்டும். பாதி நாள் எதை ஓய்வு என்று நினைத்தேனோ அது ஓய்வே கொடுக்கவில்லை என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். புதன்கிழமைக் கணக்கைப் பாருங்கள். படிப்பைப் பற்றி வீடியோ பார்ப்பது படிப்பில்லை. கேம் ஆடியவனாவது ஏதோ ஒன்றைச் செய்தான். வீடியோ பார்த்த நான் அதையும் செய்யவில்லை. அதை லாக் புக்கில் தனிக் கட்டமாக வையுங்கள், படிப்பின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எந்தக் களைப்பு என்று பாருங்கள்

களைப்பு இரண்டு வகை. நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்கி விசிறி பெல்ட் மாற்றினால் உடம்பு ஓய்ந்துவிடும், தலை தெளிவாக இருக்கும். அன்றைக்கு உட்கார்ந்து படிக்க நல்ல நாள். ஆறு மணி நேரம் ஒரு பேனலில் ஃபால்ட் தேடி, வயர் வயராகப் பிடித்துப் பார்த்த நாளில் தலை தீர்ந்துபோயிருக்கும். அன்றைக்குப் புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியை நாலு முறை படிப்போம். அன்றைக்கு ஆடுங்கள். மனசாரச் சொல்கிறேன், ஆடுங்கள். ஆனால் வேகமாகச் சுடும் ஆட்டம் தலைக்களைப்புக்கு மருந்தில்லை. அது கண்ணையும் கையையும் இன்னும் முறுக்கிவிடும். மெதுவான ஆட்டம் வேண்டும். அல்லது கை வேலை. நான் பாத்தியில் பீன்ஸுக்குக் குச்சி நடுவேன். மழை என்றால் பழைய டேபிள் ஃபேன் ஒன்றைப் பிரித்துச் சுத்தம் செய்வேன்.

ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்வி

தாத்தா ஆட்டத்துக்கும் என் ஆட்டத்துக்கும் இருந்த வித்தியாசம் இங்கேதான் வருகிறது. 304-ல் சீட்டு தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. எழுந்து போகலாம். போனில் இருந்ததற்கு முடிவே கிடையாது. ஒரு ரவுண்டு அரை மணி நேரம். அது முடிந்த நொடியில் அடுத்ததற்குப் பொத்தான் மின்னும். தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் வராவிட்டால் போச்சு. சீசன் முடிவதற்குள் இவ்வளவு ஏறியாக வேண்டும். நம்மை எழவிடாமல் உட்கார வைப்பதற்கென்றே யோசித்து யோசித்துச் செய்த ஏற்பாடு அது. உங்கள் மன உறுதி குறைவு என்று நினைத்து வருந்தாதீர்கள்.

எந்த ஆட்டத்தை இறக்குவதற்கு முன்னாலும் இதைக் கேளுங்கள். அதற்கு முடிவு உண்டா? குழந்தை கூப்பிட்டால் நடுவில் நிறுத்தி வைக்க முடியுமா? ஒரு வாரம் திறக்காவிட்டால் எதையாவது இழப்பேனா? முதல் இரண்டுக்கும் ஆமாம், மூன்றாவதற்கு இல்லை என்றால் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும். மூன்றாவதில் தோற்றால் வேண்டவே வேண்டாம்.

என் தேர்வு சதுரங்கம். லிச்செஸ் என்ற தளத்தில் ஆடுகிறேன். பணம் கிடையாது, விளம்பரம் கிடையாது, நன்கொடையில் நடக்கிறது. ஆளுக்கு 10 நிமிடம் வைத்தால், எப்படி இழுத்தாலும் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். நடுவில் நிறுத்த முடியாதுதான், ஆனால் எப்போது முடியும் என்று மனைவிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம். தோற்றால் மூன்றாவது ஆட மாட்டேன். தோற்ற கோபத்தில் ஆடும் ஆட்டம் மறுபடி தோற்கும், அது ராத்திரி 12 மணி வரை இழுக்கும்.

போன் இல்லாத ஆட்டத்தையும் மறக்காதீர்கள். மழையில் கரண்டும் சிக்னலும் சேர்ந்து போகும் ஊர் நம்முடையது. சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஆடுபுலிக் கட்டம் போட்டால் போதும். 3 புலி, 15 ஆடு. புளியங்கொட்டை ஆடு, கூழாங்கல் புலி. என் மகள் எப்போதும் ஆட்டுப் பக்கம்தான் கேட்பாள். "ஆடு நெறைய இருக்குல்லப்பா, ஒண்ணு போனாலும் அடைச்சிடலாம்" என்பாள். ஆடுகளைத் தனியாக விடாமல் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றை நிறுத்தி, புலி தாண்டிக் குதிக்க இடமில்லாமல் செய்வதை அவளாகவே கண்டுபிடித்தாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் மூன்றாவது புலியை அவள் அடைத்த அன்று நான் எதையாவது வீணாக்கினேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

படிப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது

ஊர் சொல்வதைப் படிக்காதீர்கள். உங்கள் வேலையிலோ வீட்டிலோ உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை எடுங்கள். எனக்கு அந்த மூன்றாம் ட்ரஃப் உறுத்திக்கொண்டே இருந்தது. மோட்டார் ஏன் டிரிப் ஆனது, விசிறிகள் ராத்திரி முழுக்க ஏன் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். விஎஃப்டி என்று ஒரு கருவி உண்டு, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அதன் மேனுவல் ஆங்கிலத்தில் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளுக்கு 3 பக்கம், 4 பக்கம் என்று படித்தேன்.

ஒரு நாள் ஒரு கணக்கு புரிந்தது. விசிறிக்கு வேகம் குறையக் குறைய, தேவைப்படும் மின்சாரம் அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும், வேகத்தின் மும்மடிக் கணக்கில். 50 ஹெர்ட்ஸை 40 ஆக்கினால் வேகம் 0.8. அதை மூன்று முறை பெருக்கினால் 0.512. காற்று ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது, மின்சாரமோ ஏறக்குறைய பாதியாகிறது! விடிகாலையில் இலை ஓரளவு வாடிய பிறகு அத்தனை காற்று தேவையே இல்லை. அந்தக் கணக்கை நோட்டில் போட்டுவிட்டு, அடுப்படியில் தனியாக உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்த்தேன். எந்த ஆட்டத்தில் ஜெயித்தும் அந்த மாதிரி சந்தோஷம் வந்ததில்லை. மூன்று மாத குரூப் 4 படிப்பில் ஒரு நாள்கூட இப்படி இருந்ததில்லை. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் உங்களுக்கு ஏற்ற படிப்பு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குரூப் 4-ஐ உண்மையிலேயே விரும்புகிறவருக்கு அதே சந்தோஷம் அதில் கிடைக்கும். அவர் அதையே படிக்கட்டும்.

நேரம் 25 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் மறுநாள் உட்காரப் பிடிக்காது. வேலைக்குக் கிளம்பும் முன்பே புத்தகத்தை அன்றைய பக்கத்தில் திறந்து, மேலே பேனாவை வைத்துவிட்டுப் போங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். மார்கழி, தைக் குளிரில் கம்பளிக்குள் போய்விட்டால் போன்தான் ஜெயிக்கும். போனை ஒரு கையால் கம்பளிக்குள்ளேயே பிடிக்கலாம். புத்தகத்துக்கு இரண்டு கையும் வெளியே வர வேண்டும். இது தெரியாமல் 'சாப்பிட்டுப் படுக்கையில் படிப்போம்' என்று எத்தனையோ நாள் திட்டம் போட்டு ஏமாந்தேன். இப்போது படிப்பு சாப்பாட்டுக்கு முன்னால், அடுப்படியில். விறகு அடுப்பு எரிகிறது, மனைவி சமைக்கிறாள், நான் பலகையில் உட்கார்ந்து படிக்கிறேன். "ஏங்க, அந்த ஆங்கிலத்த சத்தமா படிங்க, நானும் கேக்குறேன்" என்றாள் ஒரு நாள். அதிலிருந்து சத்தமாகத்தான் படிக்கிறேன். போனுக்குச் சார்ஜர் முன் அறையில் மட்டும். படுக்கை அறையில் பிளக் பாயிண்டையே கழற்றிவிட்டேன். எலக்ட்ரீஷியன் இல்லாதவர்கள் சார்ஜரை வேறு அறையில் வைத்தால் போதும்.

வாரத்தில் நான்கு நாள் படிப்பு, மூன்று நாள் இல்லை. எந்த நான்கு என்று முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. களைப்பைப் பார்த்து அன்றன்று முடிவு செய்கிறேன். தை, மாசியில் பனியடித்து இலை வரத்து குறையும்போது கொஞ்சம் அதிகம் படிக்கிறேன். பச்சை இலை வந்து குவியும் மாதங்களில் இரண்டு நாள் கிடைத்தாலே பெரிது.

பணம் வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி இரண்டே வரி. ரம்மியோ வேறெதுவோ, ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. எங்கள் லயத்தில் மாதச் சீட்டு கட்டிய பணத்தை அதில் விட்டவர் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் சட்டத்தில் ஓட்டை தேடித் தரும் ஆப் எதையும் தொடாதீர்கள்.

சிலருக்கு இந்த லாக் புக், மூன்று கேள்வி எதுவும் உதவாது. நிறுத்த நினைத்தும் முடியவில்லை, வேலை, சாப்பாடு, வீடு எல்லாவற்றுக்கும் முன்னால் ஆட்டம் வந்துவிடுகிறது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்கிறது. இது ஒரு வருட அளவில் நீடித்தால் உலக சுகாதார நிறுவனம் அதை நோயாகவே கணக்கெடுக்கிறது. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. நோய் என்றால் வைத்தியம் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். எனக்கு அந்த இலை சிவந்த காலத்தில் இந்த எண் இல்லை. இருந்திருந்தால் அழைத்திருப்பேன்.

தவறிப்போகும் நாள் வரும். போன மாதம்கூட ஒரு ராத்திரி ஆறு ஆட்டம் ஆடினேன். மறுநாள் நோட்டில் 'ஆறு' என்று எழுதினேன், அவ்வளவுதான். ஆப்பை அழிக்கவில்லை, சபதம் போடவில்லை. அடுத்த நாள் வழக்கம்போல இரண்டு.

ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். எங்கள் வீட்டில் மதியம் 3 மணிக்கு 304 தொடங்கும். அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன், நான். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, அதனால் மகள் அவர் பின்னால் உட்கார்ந்து சீட்டை அவர் காதில் சொல்வாள். சில நேரம் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுவாள். மனைவி டீக்குத் தண்ணீர் வைத்ததும் அந்தக் கை கடைசிக் கை. அதற்கு மேல் யாரும் சீட்டைக் கலைத்துப் போடுவதில்லை.